ஆசிரியர் ஆசிரியரிடம் கற்ற வரலாறு

ஆசிரியர் நாள் முழுவதும் கூட்டத்தின் நடுவே நிற்பவர். ஆயினும் தம் தொழிலை இன்னொருவர் செய்வதைப் பார்க்காமலேயே பணிக்காலம் முழுவதையும் கழித்துவிடக்கூடியவரும் அவரே. வழக்கறிஞர் சக வழக்கறிஞரின் வாதத்தை நீதிமன்றத்தில் அன்றாடம் கேட்கிறார்; ஆசிரியரோ பயிற்சிக் காலத்துச் சில வாரங்கள் முடிந்ததும் தமக்கென ஒதுக்கப்பட்ட வகுப்பறைக்குள் நுழைந்து, அதன்பின் தம் வெற்றி தோல்விகளைத் தாமே எடைபோட்டுக்கொண்டு பணியாற்ற வேண்டியவராகிறார். சிகாகோ பல்கலைக்கழகச் சமூகவியலாளர் டேன் லோர்ட்டி 1975ஆம் ஆண்டு வெளியிட்ட ‘பள்ளி ஆசிரியர்’ என்னும் ஆய்வுநூலில் இந்நிலையை விளக்க முட்டை அடுக்கும் அட்டையை உவமையாகக் கையாண்டார். ஒன்றையொன்று தொடாதபடி குழிகுழியாக அமைந்த அந்த அட்டையின் வடிவிலேயே பள்ளிக்கூடமும் அமைந்துவிட்டதால், ஓர் அறையில் ஈட்டிய அனுபவ அறிவு அடுத்த அறைக்குச் செல்ல வழியின்றிப் போகிறது என்பது அவர் கண்ட உண்மை. இன்றைய ஆசிரியர்கள் சமூக ஊடகங்களைப் பணிசார் கற்றலுக்கு, அதாவது பணியில் இருந்துகொண்டே கற்பித்தல் திறனையும் பாட அறிவையும் மேம்படுத்திக்கொள்வதற்குப் பயன்படுத்தும் வழக்கம் இந்தத் தனிமைக்கு எழுந்த நீண்டகால மறுமொழிகளுள் ஒன்றாகும்.

இத்தனிமையைப் போக்க அரசுகளும் கல்வி நிர்வாகங்களும் மேற்கொண்ட முயற்சிகளுக்குத் தனி வரலாறு உண்டு. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஹென்றி பர்னார்ட் 1839ஆம் ஆண்டு ஹார்ட்ஃபோர்ட் நகரில் ஆசிரியர்களை ஒன்றுகூட்டி நடத்திய வகுப்புகளே பின்னாளில் ‘ஆசிரியர் முகாம்’ என்னும் அமைப்பாக அந்நாடெங்கும் பரவின. இன்று பல நாடுகளில் நடைபெறும் பணியிடைப் பயிற்சிகளும், அண்டைப் பள்ளிகளின் ஆசிரியர்கள் ஒன்றுகூடும், தமிழ்நாட்டு ஆசிரியர்கள் நன்கு அறிந்த குறுவளமையக் கூட்டங்களும் அதே தேவையிலிருந்து பிறந்தவை. இவற்றின் பயனை மறுப்பதற்கில்லை. ஆனால் எதைக் கற்க வேண்டும், எப்போது கற்க வேண்டும், யாரிடம் கற்க வேண்டும் என்பதை இவற்றில் மேலிருப்பவர்களே முடிவு செய்தனர். ஆசிரியர் தமக்கு வேண்டியதைத் தம்மைப் போன்ற இன்னோர் ஆசிரியரிடமிருந்து, அதிகாரப் படிநிலை குறுக்கிடாமல், கிடையாகப் பெறும் மரபு இதற்கு இணையாக, பெரும்பாலும் ஆவணங்களில் இடம்பெறாமல் வளர்ந்துவந்தது. அந்த மரபு மிகத் தெளிவான வடிவம் பெற்றது 1920களில், பிரான்சின் தென்கிழக்கு மலைப்பகுதியில் உள்ள ஒரு கிராமப் பள்ளியில்.

செலஸ்தேன் ஃபிரெனே 1896இல் பிறந்தவர். முதல் உலகப் போரில் நுரையீரலில் குண்டு பாய்ந்து, நெடுநேரம் உரக்கப் பேச இயலாத உடல்நிலையோடு 1920இல் பார்-சுர்-லூ என்னும் சிற்றூரின் தொடக்கப்பள்ளியில் பணியில் சேர்ந்தார். விரிவுரையை நம்பி வகுப்பு நடத்த முடியாத நிலை அவரை வேறு வழி தேடச் செய்தது. குழந்தைகளை வயலுக்கும் பட்டறைகளுக்கும் அழைத்துச் சென்று, திரும்பியதும் அவர்கள் கண்டவற்றை அவர்களையே எழுதச் செய்து, 1924இல் வாங்கிய ஒரு சிறு கையச்சு இயந்திரத்தில் அந்த எழுத்தை அவர்களே எழுத்துக்கோத்து அச்சிடும்படி செய்தார். பாடநூலுக்கு மாற்றாகக் குழந்தைகளின் சொந்த எழுத்து வகுப்பறையின் வாசிப்புப் பொருளானது. இம்முறை பற்றிக் கல்வியியலாளர்கள் நிறைய எழுதியுள்ளனர். ஆனால் அந்த அச்சு இயந்திரம் ஆசிரியர்களுக்கிடையே எத்தகைய உறவை உருவாக்கியது என்பது அதே அளவு கவனத்தைப் பெறவில்லை.

1926இல் பிரான்சின் மறுகோடியில், பிரித்தானி கடற்கரையை ஒட்டிய திரேகுங்க் என்னும் ஊரில் பணியாற்றிய ரெனே தனியேல் என்ற ஆசிரியரும் அச்சு இயந்திரம் ஒன்றைப் பெற்றுக்கொண்டு ஃபிரெனேயின் பள்ளியோடு தொடர்ந்து அஞ்சல் பரிமாற்றத்தில் ஈடுபட்டார். மலைக்கிராமத்துப் பிள்ளைகளின் அச்சுத்தாள்கள் மீனவர் ஊருக்கும், மீனவர் ஊர்ப் பிள்ளைகளின் தாள்கள் மலைக்கிராமத்துக்கும் சென்றன. பிள்ளைகள் ஒருவரையொருவர் அறிந்துகொண்டது இதன் கண்கூடான பயன். அதனினும் ஆழமான பயன், ஒவ்வொரு தாளும் அதை அனுப்பிய வகுப்பறையில் என்ன நடக்கிறது என்பதற்குச் சான்றாக விளங்கியதால், இரு ஆசிரியர்களும் முதன்முறையாக ஒருவர் மற்றவரின் பணியைத் தொடர்ந்து கவனிக்கும் வாய்ப்பைப் பெற்றதுதான். அடுத்த சில ஆண்டுகளில் இந்த இணைப்பு பல பள்ளிகளுக்கு விரிந்து, 1927இல் தூர் நகரில் மாநாடாகக் கூடி, 1920களின் இறுதியில் ஆசிரியர்களே பங்குதாரர்களாக இருந்த ஒரு கூட்டுறவு நிறுவனமாக உருப்பெற்றது. அச்சு எழுத்துகளையும் மை உருளைகளையும் பயிற்சி அட்டைகளையும் அந்நிறுவனம் உறுப்பினர்களுக்கு விற்றது, இதழ்களை வெளியிட்டது, 1932 முதல் மாணவர்களுக்கான தகவல் நூல்வரிசை ஒன்றையும் நடத்தியது.

இந்த இயக்கத்தார் கடைப்பிடித்த வழக்கங்களுள் ‘சுற்றேடு’ என்று அழைக்கத்தக்க ஒன்று தனியே குறிப்பிடத்தக்கது. ஓர் ஆசிரியர் குறிப்பேடு ஒன்றின் முதல் பக்கத்தில், எழுத்துப்பிழை திருத்தும் முறையையோ கட்டுக்கடங்காத மாணவரை அணுகும் முறையையோ பற்றித் தம் ஐயத்தை எழுதி, குழுவின் அடுத்த உறுப்பினருக்கு அஞ்சலில் அனுப்புவார். அவர் தம் அனுபவத்தைச் சேர்த்து அதற்கடுத்தவருக்கு அனுப்புவார். இவ்வாறு நாட்டைச் சுற்றிவந்த ஏடு தொடங்கியவரிடம் திரும்பும்போது, ஒரே சிக்கலைப் பல வகுப்பறைகள் எவ்வாறு எதிர்கொண்டன என்பதன் தொகுப்பாக அமைந்துவிடும். ஏடு ஒரு சுற்று முடிப்பதற்கு வாரங்களோ மாதங்களோ ஆகும். அந்தத் தாமதம் குறையாகவும் இருந்தது, பயனாகவும் இருந்தது. எழுதுபவர் முன்னவர்கள் எழுதியதை முழுவதும் படித்து, தம் வகுப்பில் செய்துபார்த்து, பின்னர் எழுதுவதற்குப் போதிய காலம் இருந்தது. பிற்கால ஊடகங்கள் விரைவைத் தந்தன. இந்த நிதானத்தை அவை தந்தனவா என்பது இவ்வரலாற்றில் மீண்டும் மீண்டும் எழும் கேள்வி.

ஃபிரெனேயின் வாழ்வு எளிதாக அமையவில்லை. 1928இல் அவர் மாற்றலாகிச் சென்ற சேன்-போல் ஊரில் வலதுசாரிக் குழுவினர் அவருடைய கற்பித்தல் முறைக்கு எதிராகக் கிளர்ச்சி செய்தனர். 1933ஐ ஒட்டி அவர் அரசுப் பள்ளியிலிருந்து வெளியேற நேர்ந்தது. 1935இல் வான்ஸ் நகரில் தம் சொந்தப் பள்ளியைத் திறந்தார். இரண்டாம் உலகப் போரின்போது 1940இல் கைதாகித் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார். தலைவர் சிறையில் இருந்தபோதும் இயக்கம் அழியாமல் போருக்குப் பின் 1947இல் புதிய நிறுவனமாக மீண்டெழுந்ததற்கு, அது ஒருவரை மட்டும் சார்ந்திராமல் நூற்றுக்கணக்கான ஆசிரியர்களின் பரஸ்பர அஞ்சல் தொடர்பைச் சார்ந்திருந்ததே காரணம் எனக் கொள்ளலாம். 1957இல் பல நாட்டு இயக்கங்கள் இணைந்து பன்னாட்டுக் கூட்டமைப்பு ஒன்றையும் நிறுவின. ஃபிரெனே 1966இல் மறைந்தார்.

அஞ்சலின் இடத்தைத் தொலைபேசிக் கம்பி பிடித்தது 1980களில். டாம் ஜென்னிங்ஸ் 1984இல் அமெரிக்காவில் உருவாக்கிய ஃபிடோநெட் என்பது, தனிநபர்கள் தம் வீட்டிலோ அலுவலகத்திலோ வைத்திருந்த சிறு கணினிகளை மோடம் வழியாக இணைத்த ஒரு வலையமைப்பு. இக்கணினிகள் எப்போதும் இணைந்திருப்பதில்லை. தொலைபேசிக் கட்டணம் குறைவாக உள்ள நள்ளிரவு வேளையில் ஒன்றையொன்று அழைத்து, அன்று சேர்ந்த செய்திக் கட்டுகளை மாற்றிக்கொண்டு தொடர்பைத் துண்டித்துவிடும். 1990இல் அமெரிக்கப் பள்ளி ஆசிரியர்களும் நூலகர்களும் இந்த அமைப்பின் மீதே கே12நெட் என்னும் கல்வி வலையமைப்பைக் கட்டினர். பாடவாரியாகவும் மொழிவாரியாகவும் பிரிக்கப்பட்ட அதன் செய்திப் பகுதிகள் பல நாடுகளின் கணினிகளுக்கு இரவுதோறும் நகலெடுக்கப்பட்டன. பெரும்பாலும் பல்கலைக்கழகங்களுக்கே இணையம் கிடைத்துவந்த காலத்தில், பள்ளிக்கூடம் தன் ஒற்றைத் தொலைபேசி இணைப்பை வைத்துக்கொண்டே வெளியுலக ஆசிரியர்களோடு உரையாட முடிந்தது இதன் சாதனை. கட்டணம் வசூலிக்கும் நிறுவனம் எதுவும் நடுவில் இல்லை. கணினியைப் பராமரித்தவரும் பெரும்பாலும் ஓர் ஆசிரியரே. இணையம் 1990களின் நடுவில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டதும் இவ்வமைப்பின் தேவை மங்கிப்போயிற்று.

இதே காலத்தில்தான் ஆசிரியர்கள் செய்துகொண்டிருந்த செயலுக்கு ஒரு கோட்பாட்டுப் பெயரும் கிடைத்தது. ஜீன் லேவ், எத்தியென் வெங்கர் ஆகியோர் 1991இல் வெளியிட்ட ‘சூழல்சார் கற்றல்’ பற்றிய நூலில், லைபீரியத் தையற்காரர்களிடமும் யுகடான் பகுதியின் மாயா மருத்துவச்சிகளிடமும் தொழில் பயில்வோர் எவ்வாறு தேர்ச்சி பெறுகின்றனர் என்பதை ஆராய்ந்து, கற்றல் என்பது தலைக்குள் நிகழும் தனிச்செயல் அன்று, ஒரு நடைமுறைச் சமூகத்தில் படிப்படியாக இடம்பெறுவது என்று வாதிட்டனர். நடைமுறைச் சமூகம் என்பது ஒரே தொழிலைச் செய்வோர் தம்முள் பழகி, ஒரே சிக்கல்களைப் பேசி, பொதுவான உத்திகளைச் சேமித்துக்கொள்ளும் கூட்டம். அதில் புதியவர் முதலில் விளிம்பில் நின்று எளிய பணிகளைச் செய்து, பார்த்து, கேட்டு, மெல்ல மையத்தை நோக்கி நகர்கிறார். இணையக் குழுக்களில் ஒரு சொல்லும் எழுதாமல் வாசித்துக்கொண்டே இருக்கும் பெரும்பான்மையினரைச் சோம்பேறிகள் என்று ஒதுக்காமல், விளிம்பிலிருந்து கற்போர் என்று புரிந்துகொள்ள இக்கோட்பாடு வழிசெய்தது. கலிஃபோர்னியாவின் எஸ்.ஆர்.ஐ. ஆய்வு நிறுவனம் 1997இல் தொடங்கிய ‘டேப்ட் இன்’ என்னும் இணைய மண்டபம், எழுத்தாலேயே வருணிக்கப்பட்ட அறைகளில் ஆசிரியர்கள் குறித்த நேரத்தில் கூடி உரையாடும் இடமாக, இத்தகைய சிந்தனையைச் செயல்படுத்திப் பார்த்தது.

2000களின் முதற்பாதியில் தனிநபர்கள் இணையத்தில் எளிதாக எழுதும் வசதி வந்ததும், ஆசிரியர்கள் ஒருவர் எழுத்தை ஒருவர் படித்து நட்புக்கொண்டனர். ஸ்காட்லாந்தில் அவ்வாறு அறிமுகமானோர் 2006இல் எடின்பரோ நகரில் நேரில் கூடி, யார் வேண்டுமானாலும் 7 நிமிடமோ 2 நிமிடமோ தம் வகுப்பறை அனுபவத்தைச் சொல்லலாம் என்ற முறையை வகுத்தனர். ‘டீச்மீட்’ என்று பெயர்பெற்ற அக்கூட்டமுறை பிரிட்டனெங்கும் பரவியது. அமெரிக்காவில் ஸ்டீவ் ஹார்கடன் 2007இல் நிங் என்னும் தளத்தில் தொடங்கிய ‘கிளாஸ்ரூம் 2.0’ ஆயிரக்கணக்கான ஆசிரியர்களை ஈர்த்தது. கலிஃபோர்னிய ஆங்கில ஆசிரியர் ஜிம் பர்க் அதே தளத்தில் தம் பாடத்தாருக்கென ஒரு குழுவை நிறுவினார். ஆனால் இவ்வரலாற்றின் அடுத்த பெரும் திருப்பம், கல்வியை மனத்தில் கொள்ளாமலே வடிவமைக்கப்பட்ட ஒரு சேவையிலிருந்து வந்தது.

2006இல் தொடங்கப்பட்ட ட்விட்டர், அன்று 140 எழுத்துகளுக்குள் அடங்கும் குறுஞ்செய்திகளை வெளியிடும் சேவையாக இருந்தது. ஒரு சொல்லின் முன் கட்டக் குறியிட்டு ஒரே பொருள் பற்றிய செய்திகளை ஒன்றுசேர்க்கலாம் என்று கிறிஸ் மெசினா என்னும் பயனர் 2007 ஆகஸ்டில் முன்மொழிந்தார். ஹேஷ்டேக் என்று பெயர்பெற்ற அந்தக் குறி, முன்பின் அறியாதவர்களையும் ஒரே உரையாடலில் சேர்க்கும் வாயிலானது. 2009 ஜூலையில் நியூயார்க்கைச் சேர்ந்த டாம் விட்பி, அப்போது ஜெர்மனியில் ஆங்கிலம் கற்பித்துவந்த ஷெல்லி டெரல், வட கரோலினாவின் ஸ்டீவன் ஆண்டர்சன் ஆகிய மூவரும் ‘எட்சாட்’ என்னும் ஹேஷ்டேக்கின் கீழ் வாராந்திர உரையாடலைத் தொடங்கினர். செவ்வாய்க்கிழமைதோறும் அமெரிக்கக் கிழக்குப் பகுதி நேரப்படி மாலை 7 மணிக்கு அது கூடியது. அன்றைய பொருளை முன்னதாக வாக்கெடுப்பு வழியே ஆசிரியர்களே தேர்ந்தெடுத்தனர். நெறியாளர் கேள்விகளை முன்வைக்க, ஒரு மணி நேரம் செய்திகள் வெள்ளமாக ஓடின. ஐரோப்பிய நேரத்தில் இருப்போர் கலந்துகொள்ள வசதியாகப் பின்னர் நண்பகல் அமர்வும் சேர்க்கப்பட்டது. பிரிட்டனில் 2010இல் வியாழக்கிழமை இரவு 8 மணிக்கெனத் தனி உரையாடல் பிறந்தது. சமூக அறிவியல், அறிவியல், சிறப்புக் கல்வி எனப் பாடவாரியாகவும், மாநிலவாரியாகவும் பின்னர் எழுந்த ஹேஷ்டேக்குகளின் எண்ணிக்கை பெருகியதால், அவற்றுக்குப் பட்டியல் தயாரிப்பதையே ஓய்வுபெற்ற நியூயார்க் ஆசிரியர்-நூலகர் ஒருவர் தம் பணியாக மேற்கொண்டார்.

கவனிக்க வேண்டியது என்னவெனில், ட்விட்டர் தந்தது குறுஞ்செய்தி மட்டுமே. குறித்த நாள், குறித்த மணி, நெறியாளர், வாக்கெடுப்பு, உரையாடல் முடிந்ததும் அதன் தொகுப்பை வெளியிடுதல் ஆகிய அனைத்தும் ஆசிரியர்கள் தாமே வகுத்துக்கொண்டவை. நாள் முழுவதும் சிதறிக்கிடக்கும் ஓர் ஊடகத்துக்கு அவர்கள் தம் தொழிலுக்கே உரிய கால அட்டவணையைக் கொடுத்தார்கள். ஜெஃப்ரி கார்பென்டரும் டேனியல் குருட்காவும் 755 கல்வியாளர்களிடம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வு, மாணவரோடோ பெற்றோரோடோ தொடர்புகொள்வதைவிடத் தம் பணிசார் வளர்ச்சிக்கே அவர்கள் இச்சேவையைப் பெரிதும் மதித்தனர் என்பதையும், தனிமை குறைந்ததை அவர்களுள் பலர் வற்புறுத்திக் கூறினர் என்பதையும் காட்டியது. லோர்ட்டி 1975இல் கண்ட நோய்க்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின் மருந்து கிடைத்ததாக அந்த ஆசிரியர்கள் உணர்ந்தார்கள் என்றால் அது மிகையன்று.

இக்கால வலையமைப்புகளுள் மிகச் செழிப்பாக வளர்ந்தது கணித ஆசிரியர்களுடையது. கலிஃபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியராக இருந்த டேன் மேயர் 2011ஐ ஒட்டி ‘மூவங்கக் கணக்கு’ என்னும் முறையைப் பரப்பினார். முதல் அங்கத்தில் ஒரு படமோ காணொளியோ எந்தக் கேள்வியையும் கேட்காமல் மாணவரின் ஆர்வத்தைத் தூண்டும். இரண்டாவதில் விடைகாணத் தேவையான அளவுகள் எவை என்பதை மாணவரே கேட்டுப் பெறுவர். மூன்றாவதில் உண்மையான விடை கண்முன் நிகழும். தாம் தயாரித்த கணக்குகளை அவர் யாவரும் காணும் அட்டவணையில் இலவசமாக வைக்க, மற்ற ஆசிரியர்கள் தம் வகுப்பில் நடத்திப் பார்த்து, எங்கே மாணவர் தடுமாறினர் என்பதை எழுதி, தாமும் புதிய கணக்குகளைச் சேர்த்தனர். ஒரு பாடம் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறுந்தோறும் மெருகேறுவது இங்கே கண்ணெதிரே நடந்தது. 2012 கோடையில் இவர்களுள் சிலர் செயின்ட் லூயிஸ் நகரில் தம் சொந்தச் செலவில் கூடி நடத்திய முகாம், அதன்பின் ஆண்டுதோறும் வெவ்வேறு ஊர்களில் தொடர்ந்தது. திரையில் அறிமுகமானோர் நேரில் கூடும் இந்த விருப்பம் வேறிடங்களிலும் வெளிப்பட்டது. 2010 மே மாதம் பிலடெல்பியாவின் டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் நடந்த முதல் ‘எட்கேம்ப்’ கூட்டத்தில் முன்கூட்டிய நிகழ்ச்சிநிரலோ சிறப்புப் பேச்சாளரோ இல்லை. வந்தவர்களே காலையில் பலகையில் தலைப்புகளை எழுதினர். ஓர் அமர்வு பயன்படவில்லை எனில் தயங்காமல் எழுந்து வேறு அறைக்குச் செல்லலாம் என்பதே அதன் விதி. லண்டனின் டல்லிச் கல்லூரியில் 2013 செப்டம்பரில் கூடிய ‘ரிசர்ச்எட்’ மாநாடும், பெண் கல்வித் தலைவர்களுக்காக 2015இல் எழுந்த ‘விமன்எட்’ இயக்கமும் ட்விட்டர் உரையாடல்களின் வழிப் பிறந்தவையே.

பாடத்திட்டம் தொடத் தயங்கிய பொருள்களுக்கும் இவ்வூடகம் இடமளித்தது. 2014 ஆகஸ்டில் மிசூரி மாநிலத்தின் ஃபெர்கசன் நகரில் மைக்கேல் பிரவுன் என்னும் கறுப்பின இளைஞர் காவலரால் சுடப்பட்டு இறந்தபோது, ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் மார்சியா சாட்டலேன் ‘ஃபெர்கசன் பாடத்திட்டம்’ என்னும் ஹேஷ்டேக்கைத் தொடங்கி, கல்வியாண்டின் முதல் நாளிலேயே இந்நிகழ்வைப் பேசுமாறு சக ஆசிரியர்களை வேண்டினார். பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை பலர் நூல்களையும் ஆவணங்களையும் ஓவியங்களையும் பாடல்களையும் பரிந்துரைத்தனர்; சில நாட்களிலேயே எந்தப் பாடநூல் குழுவும் அவ்வளவு விரைவில் தொகுத்திருக்க முடியாத வாசிப்புப் பட்டியல் ஒன்று உருவாயிற்று. அவசரத் தேவையின்போது விரைவு எத்தகைய வலிமை என்பதற்கு இது சிறந்த சான்று.

இருப்பினும் இக்காலத்தைப் பொற்காலமாக மட்டும் எழுதுவது உண்மைக்கு மாறாகும். 140 எழுத்துகளில் ஒரு வகுப்பறையின் சிக்கலை விவரிக்க இயலாது. ஆகவே உரையாடல்கள் பெரும்பாலும் ஊக்கச் சொற்களாகவும் ஒப்புதல்களாகவும் முடிந்தன. பிரிட்டனிலோ இதற்கு நேர்மாறாக, ஆசிரியர் விளக்கிக் கற்பிக்க வேண்டும் என்போருக்கும் மாணவர் தாமே கண்டறிய வேண்டும் என்போருக்கும் இடையிலான பழைய விவாதம் தனிநபர் பூசலாகத் திரிந்தது. பின்தொடர்வோர் எண்ணிக்கை மிகுந்த ஆசிரியர்களைத் தொழில்நுட்ப நிறுவனங்கள் தம் தூதுவர்களாக அமர்த்திக்கொண்டதை 2017இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் வெளிக்கொணர்ந்தது. பரிந்துரைக்கும் ஆசிரியர் சக ஊழியராகப் பேசுகிறாரா, விற்பனையாளராகப் பேசுகிறாரா என்பதை வாசிப்பவர் அறிய முடியாத நிலை உருவானது. பாடக்குறிப்புகளை ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் விலைக்கு விற்கும் தளமும் 2006 முதலே வளர்ந்துவந்தது. ஆசிரியரின் உழைப்புக்கு ஊதியம் கிடைப்பதில் தவறில்லை என்ற வாதம் வலுவானதே. எனினும் கொடுத்து வாங்கும் உறவாக இருந்த ஒன்றின் நடுவே விலைச்சீட்டு வந்தமர்ந்ததால் இழந்தது எது என்பதை அவ்வாதம் கணக்கில் கொள்வதில்லை.

செல்வ நாடுகளுக்கு வெளியே இக்கதை வேறு கருவியின் வழி நிகழ்ந்தது. இந்தியாவிலும் ஆப்பிரிக்காவின் பல நாடுகளிலும் ஆசிரியர்களை இணைத்தது பெரும்பாலும் வாட்ஸ்அப். அது திறந்த வெளியன்று; 2016 முதல் ஒரு குழுவில் 256 பேர் வரை மட்டுமே இருக்க முடிந்தது; எனவே ஒன்றியம், பாடம், பள்ளி என்னும் சிறு வட்டங்களாகவே ஆசிரியர்கள் கூடினர். வடமேற்குக் கென்யாவின் ககுமா அகதி முகாமில், தாமே அகதிகளான பல ஆசிரியர்கள் முறையான பயிற்சியின்றி 100க்கும் மேற்பட்ட மாணவர்கள் நிறைந்த வகுப்புகளை நடத்திவந்தனர். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரி 2016இல் அங்குத் தொடங்கிய ‘ஆசிரியருக்காக ஆசிரியர்’ திட்டம், நேரடிப் பயிற்சியோடு வாட்ஸ்அப் குழுக்களையும் இணைத்து, வெளிநாட்டு ஆசிரியர்களை அவர்களுக்குத் துணைவர்களாக்கியது. கர்நாடகத்தில் 2010களின் தொடக்கத்திலேயே அரசு உயர்நிலைப் பள்ளிகளின் கணித, அறிவியல், சமூக அறிவியல் ஆசிரியர்களைப் பாடவாரியாக இணைத்து, கன்னடத்தில் திறந்த பாடவளங்களை அவர்களைக் கொண்டே எழுதச் செய்த முயற்சியும் மதிக்கத்தக்கது. தமிழ்நாட்டில் 2018இல் வந்த புதிய பாடநூல்களின் கியூஆர் குறியீடுகள் அரசின் தீக்ஷா என்னும் இணையக் கற்றல் தளத்துக்கு வழிகாட்டின. ஆனால் ஆசிரியரின் கைப்பேசியில் அன்றாடம் ஒலித்தது வாட்ஸ்அப் குழுவே. அங்குப் பாடம் பற்றிய ஐயங்களும் துறைச் சுற்றறிக்கைகளும் புள்ளிவிவரக் கோரிக்கைகளும் ஒரே வரிசையில் வந்து விழுந்தன. கிடையாகப் பேசுவதற்கெனப் பிறந்த வழி மேலிருந்து ஆணை வருவதற்கும் வழியானதை இந்நாட்டு அனுபவத்தின் தனித்தன்மை எனலாம். பணி நேரம் முடிந்தபின்னும் ஆணைகள் தொடர்வது ஆசிரியர்களை எத்துணை சோர்வடையச் செய்கிறது என்பது நிர்வாகங்களின் கவனத்துக்கு உரியது.

2020இல் கொரோனா பெருந்தொற்று ஏறத்தாழ 190 நாடுகளில் பள்ளிகளை மூடி, யுனெஸ்கோவின் மதிப்பீட்டின்படி சுமார் 160 கோடி மாணவர்களைப் பாதித்தபோது, இணையவழிக் கற்பித்தலை ஆசிரியர்கள் ஒருவரிடம் ஒருவர் கற்ற வேகம் இவ்வலையமைப்புகளின் உச்சக்கட்டப் பயன்பாடாக அமைந்தது. காணொளி வகுப்பு நடத்தவும் கைப்பேசியை வைத்துக்கொண்டு கரும்பலகையைப் படம்பிடிக்கவும் சில நாட்களுக்குள் கற்றுத்தர எந்தப் பயிற்சி நிறுவனத்தாலும் இயன்றிருக்காது. பழகிய குழுக்கள் முன்பே இருந்ததால்தான் அது இயன்றது.

ஆனால் அக்குழுக்கள் குடியிருந்த இடங்கள் அவர்களுக்குச் சொந்தமானவை அல்ல. ஃபிரெனேயின் தோழர்கள் தம் இதழுக்கும் அச்சு எழுத்துக்கும் தாமே உரிமையாளர்களாக இருந்தனர். கே12நெட் காலத்து ஆசிரியரின் மேசைமீதே அவ்வலையமைப்பின் ஒரு கண்ணி இயங்கியது. 2007க்குப் பிந்தைய தலைமுறையோ வாடகைகூடக் கேட்காத, ஆகவே எந்த வாக்குறுதியும் தராத தனியார் நிலத்தில் வீடு கட்டியது. நிங் நிறுவனம் 2010இல் இலவசக் குழுக்களை நிறுத்தியபோது பல ஆசிரியர் குழுக்கள் கலைந்தன. ஆசிரியர் சமூகங்கள் பல இயங்கிவந்த கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. ட்விட்டரை 2022 அக்டோபரில் 4,400 கோடி டாலருக்கு ஈலான் மஸ்க் வாங்கினார். 2023இல் அதன் செய்திகளை வெளிநிரல்கள் இலவசமாகப் பெறும் வசதி நிறுத்தப்பட்டது. உள்நுழையாமல் படிக்கும் வசதி கட்டுப்படுத்தப்பட்டது. ஜூலையில் பெயரும் எக்ஸ் என மாறியது. ஆசிரியர்களுள் பலர் மாஸ்டடான், திரெட்ஸ், புளூஸ்கை எனப் பல திசைகளில் பிரிந்தனர். ஒரே நாளில் ஒரே மணிக்கு ஒரே இடத்தில் கூடுவது என்பதுதான் அந்த வழக்கத்தின் உயிர்நாடி. இடம் பலவாகப் பிரிந்ததும் அந்த மணிநேரமும் கலைந்தது.

இந்த இழப்பு வரலாற்றெழுத்தையும் பாதித்துள்ளது. வாராந்திர உரையாடல்களின் தொகுப்புகளை ஆசிரியர்கள் பலர் சேமித்துவைத்த ஸ்டோரிஃபை என்னும் தளம் 2018 மே மாதத்தில் மூடப்பட்டு, உரிய காலத்தில் எடுத்துவைக்கப்படாத தொகுப்புகள் அதனோடு அழிந்தன. பொதுவெளி ட்வீட்டுகள் அனைத்தையும் திரட்டும் பணியை 2010இல் ஏற்ற அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், 2017ஆம் ஆண்டின் கடைசி நாளோடு முழுமையான திரட்டலை நிறுத்திக்கொண்டு, அதன்பின் தேர்ந்தெடுத்த செய்திகளை மட்டுமே சேர்த்துவந்தது. திரட்டிய பெருந்தொகுதியும் வாசகர்களுக்குத் திறந்துவிடப்படவில்லை. அந்த உரையாடல்களை நெறிப்படுத்தியவர்களும் அவற்றில் கலந்துகொண்டவர்களும் இன்னும் பணியிலோ ஓய்விலோ வாழ்ந்துகொண்டிருப்பதால், அக்காலத்தை எழுத முற்படும் ஆய்வாளர் தளங்களின் பதிவுகளைவிட அவர்களுடைய நேர்காணல்களையும், அவர்கள் தம் கணினிகளில் தனியே சேமித்துவைத்த நகல்களையும், அந்த உரையாடல்களால் மாறிப்போன பாடக்குறிப்புகளையுமே முதன்மைச் சான்றுகளாகக் கொள்ள வேண்டியுள்ளது.